மௌத் (இறப்பு) நடந்த வீட்டில் எதை முதலில் செய்வது: கடைசி மூச்சிலிருந்து கபுர் (புதைகுழி) மூடும்வரை

கிருஷ்ணகிரியில் எங்கள் மஹல்லாவில் (பள்ளிவாசலைச் சேர்ந்த குடியிருப்பில்) மையித்து, அதாவது இறந்தவர் உடல், குளிப்பாட்டப் போகும் நாலைந்து பேரில் நானும் ஒருவன். போகிற வீடுகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு மார்க்கம் தெரியாததால் வருவதில்லை, வரிசை மாறுவதால்தான் வருகிறது. ஒரு வீட்டில் காலை ஒன்பது மணிக்கே குளிப்பாட்டி, கஃபன் (அடக்கத் துணி) சுற்றி முடித்துவிட்டார்கள். கபுர் தோண்டச் சொல்லியாச்சா என்று அதற்கப்புறம்தான் யாரோ கேட்டார். ஆள் போய்த் தோண்டினால் மூன்றடியில் பாறை. பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பிறகுதான் அடக்க முடிந்தது. அதுவரை மே மாத வெயிலில் மையித்து கூடத்தில் கிடந்தது. கஃபனில் ஈரம் கசிவதை அவர் பெற்ற பெண் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பகல் என்னைவிட்டுப் போகவில்லை.

எங்கள் பக்கம் வீட்டில் உருது பேசுகிறவர்களும் தமிழ் பேசும் ராவுத்தர், லெப்பைக் குடும்பங்களும் கலந்து இருக்கிறோம். அடக்கும் இடத்தை ஒருவர் கபர்ஸ்தான் என்பார், இன்னொருவர் மையவாடி என்பார். வேலை ஒன்றுதான். மார்க்கச் சட்ட வழிகளில் ஹனஃபி, ஷாஃபி என்று உண்டு; இங்கே பெரும்பாலும் ஹனஃபி முறை என்பதால் அதன்படியே எழுதுகிறேன். ஷாஃபி வீடுகளில் மாறும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன். உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

1. யாரும் சாகாத நாளில் செய்ய வேண்டியது

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் மூன்று விஷயங்களை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கபுர் தோண்டுகிறவரின் போன் நம்பர், பள்ளிவாசலின் சந்தூக்கும் (மையித்தைத் தூக்கிச் செல்லும் பெட்டி) குளிப்பாட்டும் பலகையும் இருக்கும் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது, உங்கள் குடும்பத்தில் குளிப்பாட்டத் தெரிந்த இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் யார் என்பது. கடைசி விஷயத்தில்தான் பல வீடுகள் தடுமாறுகின்றன. ஆண் மையித்துக்குப் பள்ளியிலிருந்து யாராவது வந்துவிடுவார்கள். பெண் மையித்துக்கு ஆள் தேடி இரண்டு மணி நேரம் போகும். தாயைக் குளிப்பாட்ட மகளைவிட உரிமை உள்ளவர் யார்? ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் போதும், கற்றுக்கொள்ளலாம்.

கஃபன் துணி முன்கூட்டியே வாங்கி வைப்பதில் தவறில்லை. வெள்ளைக் காடாத் துணி, பன்னா (அகலம்) 54 அங்குலத்துக்குக் குறையாமல் பாருங்கள். ஐந்தரை அடி உயர ஆணுக்கு ஏழரை மீட்டர், பெண்ணுக்குப் பத்து மீட்டர் என்று கணக்கு வைத்தால் கட்டும் நாடாவும் அதிலேயே கிழித்துக்கொள்ளலாம். பர்கூர் ஜவுளிக் கடைகளில் கேட்டாலே எடுத்துத் தருவார்கள். விலை உயர்ந்த துணி வேண்டாம், சுத்தமாக இருந்தால் போதும்.

கூடவே ஒரு பையில் பஞ்சு, கத்தரிக்கோல், ரப்பர் கையுறை நான்கு ஜோடி, சோப்பு, கற்பூரம், அத்தர், சாம்பிராணி, இரண்டு துண்டு, அடர்ந்த நிறத்தில் இரண்டு மறைப்புத் துணி வையுங்கள். அடர்ந்த நிறம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வெள்ளைத் துணி நனைந்தால் உடம்பு தெரியும். இருக்கும்போது மானத்தோடு வாழ்ந்தவரைக் கடைசி நாளில் அப்படி விடக்கூடாது.

2. மூச்சு வாங்கும் நேரம்

கிப்லா (தொழும்போது நோக்கும் மக்கா திசை) நம் ஊரில் நேர் மேற்கு இல்லை, மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே சாய்ந்தது. முடிந்தால் வலது பக்கமாக ஒருக்களித்துக் கிப்லா பார்த்துப் படுக்க வையுங்கள். வலி தாங்காவிட்டால் மல்லாக்கவே படுக்கட்டும். கால் கிப்லா பக்கம், தலைக்கு ஒரு தலையணை. புரட்டுவது கஷ்டம் என்றால் எப்படி இருக்கிறாரோ அப்படியே விடுங்கள்.

பக்கத்தில் ஒருவர் மட்டும் கலிமாவை (இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழியை) மெதுவாகச் சொல்லுங்கள். "சொல்லுங்க, சொல்லுங்க" என்று வற்புறுத்தக் கூடாது. வேதனையில் "முடியாது" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் கேட்கிறவர்களுக்கு அது காலமெல்லாம் உறுத்தும். ஒருமுறை அவர் சொல்லிவிட்டால் நிறுத்துங்கள். அதற்கப்புறம் அவர் வேறு ஏதாவது பேசினால் மட்டும் திரும்பச் சொல்லுங்கள். கடைசிப் பேச்சு கலிமாவாக இருக்கட்டும் என்பதற்காகத்தான் இது.

3. முதல் அரை மணி நேரம்

மூச்சு நின்றதும் அழுகை வரும், வரட்டும். ஆனால் ஒருவராவது கை நடுங்காமல் கீழே சொல்வதைச் செய்ய வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு உடம்பு விறைக்கத் தொடங்கும். அதுவும் முதலில் பிடிப்பது கண் இமையையும் தாடையையும்தான்.

கண்களை மெதுவாக மூடுங்கள். அகலமான துணி நாடா ஒன்றைத் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் கட்டுங்கள். பல் செட் இருந்தால் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். கை கால் மூட்டுகளை ஒருமுறை மடக்கி நீட்டி, நேராக வையுங்கள். இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டுங்கள். கைகளை நெஞ்சின் மேல் கட்டி வைக்காமல் உடம்பின் பக்கவாட்டில் விடுங்கள். தொப்பி, செயின், மோதிரம், வளையல், மூக்குத்தி, மெட்டி எல்லாம் இப்போதே கழற்றுங்கள். நேரம் போனால் விரல் வீங்கும், மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும். கழற்றிய நகையை ஒருவர் பார்க்க இன்னொருவர் எண்ணி எழுதி வையுங்கள். அது இனி வாரிசுகள் எல்லாருக்கும் உரிய சொத்து. அன்றைக்கு ஒரு சீட்டில் எழுதாமல் விட்டதால் அக்கா தங்கைகள் பேசாமல் போன வீடுகள் எனக்குத் தெரியும்.

மேலே ஒரு போர்வை போர்த்தி, அறையைக் குளிர்ச்சியாக வையுங்கள். ஃப்ரீசர் பெட்டி தேவையா என்பதை அடக்கும் நேரம் முடிவான பிறகு யோசியுங்கள். நாலைந்து மணி நேரத்தில் எடுப்பதாக இருந்தால் வேண்டாம். வைத்தே ஆக வேண்டும் என்றால் குளிப்பாட்டுவதற்குக் கொஞ்சம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். ஜில்லிட்டு விறைத்த உடம்பை வலுக்கட்டாயமாகத் திருப்பக் கூடாது. இறந்தவரின் எலும்பை உடைப்பது உயிரோடு இருப்பவரின் எலும்பை உடைப்பதைப் போல என்று ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது.

4. நான்கு வேலை, நான்கு பேர்

எல்லாரும் போனை எடுத்துச் சொந்தக்காரர்களுக்குச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அதை ஒரு பையனிடம் விடுங்கள். பெரியவர்கள் நான்கு பேர் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கபுர்: முதல் போன் இதற்குத்தான் போக வேண்டும். நம் மண் சில இடத்தில் இளகிய செம்மண், சில இடத்தில் இரண்டடிக்குக் கீழே கருங்கல். எவ்வளவு நேரம் ஆகும் என்று தோண்டத் தொடங்கினால்தான் தெரியும். மையித்தின் உயரத்தை ஒரு கயிற்றில் அளந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்து அனுப்புங்கள். உடம்பு பருமனாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். வாயால் "சராசரி ஆளுதான்" என்று சொல்லி, கடைசியில் சந்தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் குழியை அகலப்படுத்தியதைப் பார்த்திருக்கிறேன்.

ஜமாஅத் (பள்ளிவாசல் சபை): முத்தவல்லியிடமோ (சபைத் தலைவர்) செயலாளரிடமோ சொல்லி, கபுருக்கு இடம் கேட்டு, தொழ வைப்பது யார், எந்த நேரம் என்று முடிவு செய்யுங்கள். மைக்கில் அறிவிப்பு அதற்குப் பிறகு. நேரம் முடிவாகாமல் அறிவித்தால் ஐம்பது பேர் போன் செய்து கேட்பார்கள். சந்தா பாக்கி இருந்தால் அதை இப்போது பேச விடாதீர்கள், எந்த ஜமாஅத்தும் அதற்காக மையித்தை நிறுத்தக் கூடாது.

பேப்பர் ஒருவர். துணியும் தண்ணீரும் ஒருவர்.

நேரம் குறிப்பதில் ஒன்று. வெளிநாட்டில் இருக்கும் மகன் வரட்டும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கூட்டம் சேரட்டும் என்று தள்ளுவது வழக்கமாகிவிட்டது. சீக்கிரம் அடக்குவதே சுன்னத் (நபிவழி). கூட்டத்துக்காக ஜும்ஆ வரை வைத்திருப்பதை ஹனஃபி நூல்கள் வெறுக்கின்றன. பெங்களூரிலிருந்து வரும் மகளுக்காக இரண்டு மணி நேரம் பொறுப்பது வேறு, துபாயிலிருந்து டிக்கெட் கிடைக்கும் வரை இரண்டு நாள் வைப்பது வேறு. அந்த மகனிடம் போனில் ஒருவர் பொறுமையாகப் பேசினால் பெரும்பாலும் அவரே "எடுத்துடுங்க" என்று சொல்லிவிடுவார்.

5. பேப்பர்

வீட்டில் இயற்கையாக இறந்தால், சிகிச்சை பார்த்த டாக்டரிடம் இறப்புக்கான காரணம் எழுதி வாங்குங்கள். நகராட்சி எல்லையில் என்றால் நகராட்சி அலுவலகத்திலும், கிராமம் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடமும் பதிய வேண்டும். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. அது தாண்டினால் தாமதக் கட்டணம், 30 நாள் தாண்டினால் மேலதிகாரி அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு என்று அலைச்சல் கூடிக்கொண்டே போகும்.

ஆஸ்பத்திரியில் இறந்தால் மையித்தை எடுக்கும் முன் நர்ஸிடம் ஊசிக் குழாய், சிறுநீர்க் குழாய், மூக்குக் குழாய், பிளாஸ்திரி எல்லாவற்றையும் எடுத்து, ஊசி போட்ட இடத்தில் அழுத்திக் கட்டுப் போடச் சொல்லுங்கள். இதைக் கேட்க மறந்து வீட்டுக்குக் கொண்டுவந்தால், குளிப்பாட்டும்போது அந்த இடத்திலிருந்து ரத்தம் நிற்காது.

நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் வைத்தியத்துக்கு பெங்களூர் போகிறோம். அங்கே இறந்தால் பதிவு அங்கேதான், இறப்பு எங்கே நடந்ததோ அந்த ஊரில். இங்கே அடக்கினோம் என்பதற்காகக் கிருஷ்ணகிரி நகராட்சியில் சான்றிதழ் கிடைக்காது. இது தெரியாமல் ஒரு வருடம் அலைந்த குடும்பம் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆஸ்பத்திரி எந்த அலுவலகத்துக்கு விவரம் அனுப்புகிறது என்று அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயர் ஆதாரில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நம் பெயர்களில்தான் சிக்கல் அதிகம். வீட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், பாங்க் பாஸ்புக்கில் இன்னொன்று. ரஹீம் ரகீம் ஆனால் பென்ஷன் நிற்கும். அழுகையோடு இருக்கும் மகனை அனுப்பாமல், நிதானமாக இருக்கும் ஒருவரை ஆதார் கார்டோடு அனுப்புங்கள்.

சாலை விபத்து, தற்கொலை, சந்தேகமான சாவு என்றால் மையித்தை வீட்டுக்கு எடுத்துவரவே கூடாது. போலீசுக்குச் சொல்லி, பிரேதப் பரிசோதனை முடிந்துதான் வாங்க வேண்டும். நான்கு வழிச் சாலையும் தொப்பூர் கணவாயும் இருக்கும் இந்தப் பக்கத்தில் இது அபூர்வமில்லை. "அறுக்க வேண்டாம்" என்று மன்றாடுவது புரிகிறது. ஆனால் முதல் தகவல் அறிக்கையும் பரிசோதனை அறிக்கையும் இல்லாவிட்டால் இறந்தவரின் குழந்தைகளுக்கு விபத்து இழப்பீடு கிடைப்பது பெரும்பாடு.

6. குளிப்பாட்டுதல்

கபுர் தோண்டுகிறவரிடமிருந்து "பாதி முடிஞ்சது, பாறை இல்லை" என்று செய்தி வந்த பிறகு தொடங்குங்கள். குளிப்பாட்டிக் கஃபனிட்டுத் தொழுகைக்கு எடுக்க ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். மனைவி கணவனைக் குளிப்பாட்டலாம். கணவன் மனைவியைக் குளிப்பாட்டுவது ஹனஃபியில் இல்லை, ஷாஃபியில் உண்டு. ஆனால் இதை வைத்துக்கொண்டு "இனி நீ அந்நியன்" என்று கணவனை முகம் பார்க்கக்கூட விடாமல் வெளியே நிறுத்துகிறார்கள். அது தவறு. அவர் முகம் பார்க்கலாம், சந்தூக்கைத் தூக்கலாம். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவரை வாசலில் நிற்க வைக்காதீர்கள்.

உள்ளே நான்கு பேர் போதும். ஒருவர் கழுவ, ஒருவர் தண்ணீர் ஊற்ற, இரண்டு பேர் திருப்ப. கூட நிற்பவர்கள் வேடிக்கைதான் பார்ப்பார்கள். உள்ளே பார்த்த குறை எதையும் வெளியே சொல்லக் கூடாது, அது அமானிதம் (நம்பி ஒப்படைக்கப்பட்டது).

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். இலந்தை இலை போட்டுக் காய்ச்சுவது சுன்னத். நம் மேட்டுக்காட்டில் இலந்தை மரத்துக்குப் பஞ்சமில்லை. கிடைக்காவிட்டால் சோப்பு போதும். உங்கள் முழங்கையில் ஊற்றிச் சூடு பாருங்கள்.

பலகையைத் தலைப்பக்கம் சற்று உயரமாக வையுங்கள், தண்ணீர் கால் பக்கம் ஓடிவிடும். தொப்புள் முதல் முழங்கால் வரை அடர்ந்த துணியைப் போர்த்திவிட்டு, அதற்குக் கீழே உடையைக் கத்தரித்து எடுங்கள். உருவி எடுக்கப் போராட வேண்டாம்.

பிறகு இடது கையில் உறை மாட்டி, துணிக்கு அடியிலேயே அசுத்தம் கழுவுங்கள். அந்த உறையை எறிந்துவிட்டுப் புதியது மாட்டுங்கள். அடுத்து ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் முறை). வாய்க்கும் மூக்குக்கும் தண்ணீர் ஊற்றாமல் ஈரப் பஞ்சால் பல்லையும் மூக்குத் துவாரத்தையும் துடைத்து, அந்தப் பஞ்சைக் கீழே போடுங்கள். குளிப்புக் கடமையான நிலையில் (உடலுறவு போன்றவற்றுக்குப் பின் குளிக்காமல்) இறந்தவர் என்றால் ஹஜ்ரத்திடம் கேட்டுச் செய்யுங்கள். மூக்கிலும் காதிலும் புதுப் பஞ்சு வைத்துவிட்டால் தண்ணீர் உள்ளே போகாது.

தலையும் தாடியும் கழுவுங்கள். இப்போது மையித்தை இடது பக்கமாகச் சாய்த்து, வலது பக்கத்தைத் தலையிலிருந்து கால்வரை கழுவுங்கள். பிறகு வலது பக்கமாகச் சாய்த்து இடது பக்கம். புதிதாக வருகிறவர்கள் குழம்புவது இங்கேதான். வலது முதலில் என்றால் வலது பக்கம் மேலே இருக்க வேண்டும், அதற்குத்தான் இடது பக்கம் சாய்ப்பது.

அடுத்து முதுகைத் தாங்கி, பாதி உட்கார்த்தி, வயிற்றை மேலிருந்து கீழாக மிக மெதுவாகத் தடவுங்கள். ஏதாவது வெளிவந்தால் அந்த இடத்தை மட்டும் கழுவினால் போதும், ஒளுவையும் குளிப்பையும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. இதை அழுத்திச் செய்தால் வரக்கூடாததும் வரும். செய்யாமலே விட்டால் கஃபனில் வரும். கடைசியாகக் கற்பூரம் கரைத்த தண்ணீரை மூன்று முறை தலையிலிருந்து ஊற்றி, துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

நகமும் முடியும் வெட்ட வேண்டாம். நகப்பூச்சு இருந்தால் அழிக்க வேண்டும், தண்ணீர் படாது. மருதாணிக்குப் பிரச்சினை இல்லை.

பரிசோதனை முடிந்து வந்த உடம்பில் தையல் வழியாகக் கசியும். தண்ணீரைத் தையல் மேல் நேராக ஊற்றாமல் வழியவிடுங்கள். துடைத்தபின் பஞ்சை அடுக்கி, அகலமான கட்டுத் துணி சுற்றி, அதற்குமேல் ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்துக் கஃபனிடுங்கள். தொடவே முடியாத அளவு சிதைந்திருந்தால் தண்ணீர் மட்டும் ஊற்றலாம். அதுவும் முடியாவிட்டால் தயம்மும் (சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்திலும் கையிலும் தடவுவது).

பிறந்து ஒரு சத்தமாவது போட்டு இறந்த குழந்தைக்குப் பெயர் வைத்து, குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழ வேண்டும். இறந்தே பிறந்த குழந்தைக்குத் தொழுகை இல்லை. ஆனால் பெயர் வைத்து, குளிப்பாட்டி, ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடியில் அடக்குங்கள். ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அந்தத் தாய் பின்னாளில் எங்கே என் பிள்ளை என்று கேட்பாள்.

7. கஃபன்

ஆணுக்கு மூன்று துணி: மேலே சுற்றும் லிஃபாஃபா, தலை முதல் கால் வரை இஸார், கழுத்திலிருந்து கால் வரை கமீஸ். பெண்ணுக்கு இதோடு தலைத் துணியும், நெஞ்சிலிருந்து தொடை வரை வரும் சீனாபந்தும் சேர்ந்து ஐந்து. ஷாஃபியில் ஆணுக்கு மூன்றுமே சுற்றும் துணிதான், கமீஸ் இல்லை.

லிஃபாஃபா உயரத்தைவிட ஒரு முழம் நீளமாக இருக்க வேண்டும், தலையிலும் காலிலும் முடிச்சுப் போட வேண்டுமே. கமீஸ் முன்னும் பின்னும் வருவதால் இரண்டு மடங்கு நீளம், நடுவில் தலை நுழைய ஒரு கீறல், தையல் வேண்டாம். இந்த இரண்டையும் மறந்து ஒரே நீளத்தில் வெட்டிவிட்டுத் துணி போதாமல் தவிப்பது அடிக்கடி நடக்கும்.

விரிக்கும் வரிசை உடுத்தும் வரிசைக்குத் தலைகீழ். கட்டிலில் முதலில் மூன்று நாடா, அதன்மேல் லிஃபாஃபா, அதன்மேல் இஸார், அதன்மேல் கமீஸின் கீழ்ப்பாதி. நாடாவை முதலில் போட மறந்தால் மையித்தை மறுபடி தூக்க வேண்டி வரும். துணிக்குச் சாம்பிராணிப் புகை காட்டுங்கள். மையித்தை வைத்து, தலைக்கும் தாடிக்கும் அத்தர், ஸஜ்தாவில் தரையில் படும் இடங்களான நெற்றி, மூக்கு, உள்ளங்கை, முழங்கால், பாதம் ஆகியவற்றுக்குக் கற்பூரம். பெண்ணுக்குத் தலைமுடியை இரண்டாகப் பிரித்துக் கமீஸின் மேல் நெஞ்சில் விட்டு, தலைத் துணியால் மூடுங்கள். ஷாஃபியில் மூன்று பின்னலாகப் பின்னால் விடுவார்கள்.

ஒவ்வொரு துணியிலும் இடது ஓரத்தை முதலில் மடித்து, வலது ஓரத்தை அதன்மேல் போடுங்கள். கட்டிய பிறகு ஏதாவது கசிந்தால் மறுபடி குளிப்பாட்ட வேண்டியதில்லை. பதறாதீர்கள்.

8. எடுக்கும் முன்: மஹரும் (கணவன் மனைவிக்குத் தரும் மணக்கொடை) கடனும்

முகம் பார்க்கும் நேரத்தில் யாராவது ஒரு பெரியம்மா விதவையின் கையைப் பிடித்து, "மஹரை மன்னிச்சிட்டேன்னு சொல்லு" என்பார். அவளும் அழுதுகொண்டே சொல்லிவிடுவாள். தயவுசெய்து இதைத் தடுங்கள். கொடுக்காத மஹர் கணவன் மேல் உள்ள கடன். அந்த நேரத்தில், அத்தனை பேர் முன்னால், அவள் "மாட்டேன்" என்று எப்படிச் சொல்வாள்? மனம் ஒப்பி விட்டுக்கொடுப்பதுதான் மன்னிப்பு. பள்ளிவாசலில் உள்ள நிக்காஹ் தஃப்தரில் (திருமணப் பதிவேட்டில்) மஹர் எவ்வளவு என்று இருக்கும். இத்தா (கணவன் இறந்தபின் மனைவி காத்திருக்கும் காலம்) முடிந்து அவள் நிதானமானபின் கொடுங்கள், பிறகு அவள் விருப்பம்.

தொழுகைக்கு முன் மகனோ தம்பியோ எழுந்து, "இவருக்கு யாராவது கடன் கொடுத்திருந்தால் என்னிடம் வந்து கேளுங்கள்" என்று சொல்வது நம் பக்கத்து வழக்கம். சொன்னால் போதாது, நிறைவேற்ற வேண்டும். இறந்தவர் பணத்தில் முதலில் அடக்கச் செலவு, அடுத்து கடன், அடுத்து மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத் (உயில்), மீதிதான் வாரிசுகளுக்கு. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லாவிட்டால் நான்கில் ஒன்று.

9. தொழுகை

சந்தூக்கைத் தலைப்பக்கம் முன்னால் வரும்படி தூக்குங்கள். வேகமாக நடக்கலாம், ஓடக் கூடாது. நான்கு மூலைக்கும் மாறி மாறித் தோள் கொடுப்பது நல்லது. சூரியன் உதிக்கும், உச்சியில் நிற்கும், மறையும் அந்தச் சிறிது நேரத்தைத் தவிர்த்து விடுங்கள். ஹனஃபியில் பள்ளிக்குள் மையித்தை வைத்துத் தொழுவது மக்ரூஹ் (விரும்பத்தகாதது) என்பதால் வெளிமுற்றத்தில் வைப்பார்கள்.

ருகூவும் (குனிவது) ஸஜ்தாவும் (நெற்றி தரையில் வைப்பது) கிடையாது, நான்கு தக்பீர் ("அல்லாஹு அக்பர்" என்று சொல்வது). முதலாவதுக்குப் பின் ஸனா (இறைப்புகழ்), இரண்டாவதுக்குப் பின் ஸலவாத் (நபிக்கான வாழ்த்து), மூன்றாவதுக்குப் பின் மையித்துக்கான துஆ (பிரார்த்தனை), நான்காவதுக்குப் பின் ஸலாம். கையை முதல் தக்பீருக்கு மட்டும் உயர்த்த வேண்டும். ஷாஃபியில் முதலாவதுக்குப் பின் ஃபாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்), எல்லாத் தக்பீருக்கும் கை உயரும். தாமதமாக வந்தால் சேர்ந்துகொண்டு, இமாம் ஸலாம் கொடுத்தபின் விட்ட தக்பீர்களைச் சொல்லி முடிக்கலாம்.

துஆ தெரியாததால் பின்னால் ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். "அல்லாஹும்மக்ஃபிர் லிஹய்யினா வமய்யித்தினா" என்று தொடங்கும் துஆவை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்யலாம். தெரியாவிட்டாலும் வரிசையில் நில்லுங்கள், உங்கள் அத்தாவின் (தந்தையின்) தொழுகை அது.

10. கபுர்

கபுர் வடக்குத் தெற்காக இருக்கும், தலை வடக்கே. ஆழம் ஆளின் பாதி உயரத்துக்குக் குறையக் கூடாது, நெஞ்சளவு நல்லது. மண் கெட்டியாக இருந்தால் கிப்லா பக்கச் சுவரில் குடையும் லஹ்து சிறந்தது. சரளையோ பாறையோ என்றால் நடுவில் வாய்க்கால்போல் வெட்டி மேலே பலகைக் கல் மூடுவது எளிது. நம் ஊரில் கல்லுக்குக் குறைவில்லை. அகலத்தை அளந்து கல்லை முன்பே கொண்டுவந்து வையுங்கள். சுட்ட செங்கல்லை மையித்துக்குப் பக்கத்தில் வைக்க ஹனஃபி நூல்கள் விரும்புவதில்லை. ஜேசிபி வைத்தால் மேல் மண்ணுக்கு மட்டும் போதும். அதிர்வில் பக்கத்துக் கபுர்கள் சரியும்.

உள்ளே இறங்க இரண்டு மூன்று பேர் போதும். பெண்ணுக்கு மஹ்ரமான (மணம் முடிக்கக் கூடாத நெருங்கிய உறவான) ஆண்கள் இறங்க வேண்டும், சுற்றிலும் துணி பிடிக்க வேண்டும். "பிஸ்மில்லாஹி வஅலா மில்லத்தி ரஸூலில்லாஹ்" என்று சொல்லி கிப்லா பக்கமிருந்து இறக்குங்கள். வலது பக்கமாகச் சாய்த்து, முதுகுக்கு மண் கட்டி முட்டுக் கொடுங்கள். முகத்தை மட்டும் திருப்பினால் அது நிற்காது, உடம்போடு திருப்ப வேண்டும். நாடாக்களை அவிழ்த்துவிடுங்கள். துணி கலையாமல் இருக்கத்தான் கட்டினோம், இனி தேவையில்லை.

கல்லை அடுக்கி இடுக்கைக் களிமண்ணால் அடையுங்கள். தலைப்பக்கம் நின்று மூன்று கை மண். முதல் கைக்கு "மின்ஹா ஃகலக்னாகும்", இரண்டாவதுக்கு "வஃபீஹா நுஈதுகும்", மூன்றாவதுக்கு "வமின்ஹா நுக்ரிஜுகும் தாரதன் உக்ரா". பிறகு மண்வெட்டி. ஒரு சாண் உயரம் குவித்து, தலையிலிருந்து கால்வரை தண்ணீர் தெளியுங்கள், மண் படியும். உடனே கலையாமல் கொஞ்ச நேரம் நின்று துஆ செய்யுங்கள். கபுரில் மையித்திடம் கேள்வி கேட்கப்படும் நேரம் அது.

11. அன்று இரவிலிருந்து

அந்த வீட்டு அடுப்பில் இன்று பக்கத்து வீடுகள்தான் கை வைக்க வேண்டும். மூன்றாம் நாள், பத்தாம் நாள், நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதும் வீடும் உண்டு, ஓதாத வீடும் உண்டு. அதில் நான் தலையிடுவதில்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: வாரிசுகளில் வயது வராத பிள்ளை இருந்தால், பங்கு பிரிக்காத சொத்திலிருந்து பிரியாணி போடாதீர்கள். அதில் யத்தீமின் (தந்தையை இழந்த பிள்ளையின்) பணம் இருக்கிறது.

விதவைக்கு இத்தா நான்கு மாதம் பத்து நாள், பிறைக் கணக்கு. மாத நடுவில் இறந்திருந்தால் 130 நாள் என்று எண்ணுவார்கள். கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரை. கணவன் வீட்டிலேயே இருக்க வேண்டும், மறுநாளே தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது தவறு. அதே சமயம், தேவைக்காகப் பகலில் வெளியே போய் இரவுக்குள் வீடு திரும்ப அவளுக்கு அனுமதி உண்டு. பாங்க் கையெழுத்து, பென்ஷன், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் "இத்தா முடியட்டும்" என்று நிறுத்திவைத்து, அந்த நான்கு மாதமும் அவளைக் கையேந்த வைக்காதீர்கள். இறப்புச் சான்றிதழ் வந்ததும் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். வட்டாட்சியர் தருவார்.

முதல் நல்ல மழையில் கபுர் மண் இறங்கும், குழி விழும். அப்போது ஒரு மண்வெட்டியோடு போய் மண் போட்டு, தண்ணீர் தெளித்து, ஸலாம் சொல்லிவிட்டு வாருங்கள்.